‘ஒண்டும் இல்லை’ ஊரில் எட்டு நாட்கள்

கனடாவுக்குப் போகிறேன் என்றதும் என் மகள் கயல் கேட்டது ஒரு கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சுப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் படம் இருக்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே பாதி உயரத்துக்குப் பனி குவிந்திருக்க வேண்டும், கீழே ‘ராங் பேஸ்மென்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும். அது ஒரு பாட்டுக் குழுவின் பெயராம். தவறான நிலவறை. திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிற பெண்ணுக்கும் டொரோண்டோவில் இருக்கிற தவறான நிலவறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “உங்களுக்குப் புரியாதுப்பா” என்றாள். ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அதிகம் சொல்லும் வாக்கியம் அதுதான்.

நான் வால்வு செய்கிற கம்பெனியில் தர ஆய்வாளன். நாங்கள் அனுப்பிய வால்வுகள் கசிகின்றன என்று டொரோண்டோவை அடுத்த பிறம்ரன் நகரில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்காரர் புகார் எழுதியிருந்தார். கசிகிறதா இல்லையா என்று நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார். எட்டு நாள் வேலை. எட்டு நாளும் தங்க வேண்டியது என் பழைய நண்பன் யோகன் வீட்டில்.

யோகன் யாழ்ப்பாணத்துக்காரன். கல்லூரியில் நான்கு வருஷம் என் அறைத்தோழன். இப்போது ஸ்காபரோவில் வீடு, மனைவி வதனி, பத்தொன்பது வயதில் ஒரே மகள் துஷா. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. “நான் இருக்கேக்கை உனக்கு ஹோட்டலோ மச்சான்” என்று போனிலேயே கோபித்துக்கொண்டான். பிறம்ரன் டொரோண்டோவுக்கு மேற்கே, ஸ்காபரோ டொரோண்டோவின் கிழக்குக் கோடியில் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. நானும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. நட்புக்காக ஒரு மனிதன் தினமும் ஆறு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். மே மாதம் பாதி கடந்துவிட்டது, ஆனாலும் காது மடல் விறைத்தது. திருச்சியில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, இங்கே எல்லோரும் “இண்டைக்கு நல்ல வெதர்” என்று சொல்லிக்கொண்டு அரைக்கைச் சட்டையில் நடக்கிறார்கள். எனக்கு ஒதுக்கியது பேஸ்மென்ட். உண்மையிலேயே ஜன்னல் கூரையை ஒட்டித்தான் இருந்தது. அதன் வழியாகப் புல்லின் வேரையும் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பையும் பார்க்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் குழம்பும். உறைப்பு என்றால் அப்படி ஓர் உறைப்பு, கண்ணில் நீர் கோத்தது. அந்தக் கண்ணீரோடுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். யோகனின் தம்பி குகன் வன்னியில் இருந்தான். மனைவி, ஒரு மகள், ஒரு மகன். குகனை எனக்குத் தெரியும். ஒரு விடுமுறைக்கு எங்கள் விடுதிக்கு வந்து ஒரு மாதம் தங்கி, என் அம்மா அனுப்பிய முறுக்கு டின்னை ஒரே வாரத்தில் காலி செய்தவன். சண்டை கடைசிக் கட்டத்தில் இருப்பதாகப் பேப்பரில் படித்திருந்ததால், “தம்பிக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்லை” என்றான் யோகன்.

“அப்பாடா, நல்ல வேளை” என்று சொல்லி இன்னொரு பிடி புட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டு இப்படிப் பதில் வந்தால், ஆள் சுகம் என்று அர்த்தம். வதனியின் கரண்டி பாதி வழியில் நின்றது. துஷாதான் என்னைக் காப்பாற்றினாள், அல்லது இன்னும் ஆழமாகத் தள்ளினாள். “அங்கிள், ஒண்டும் இல்லை எண்டால் நோ நியூஸ். மூண்டு மாசமா ஒரு கோலும் இல்லை. இட்ஸ் நொட் குட்.” மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இருந்த இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. புதைய வேண்டிய தேவையில்லை, படுக்கையே நிலத்துக்கு அடியில்தானே.

மறுநாள் விடிய எழுந்து நான்கு பேருந்து மாறிப் பிறம்ரன் போனேன். இந்த ஊரில் பேருந்து மாறும்போது காட்ட ஒரு துண்டுச் சீட்டு தருகிறார்கள். ஒரு திசைக்குத்தான் செல்லும், இவ்வளவு நேரத்துக்குத்தான் செல்லும், அடுத்த நகர எல்லைக்குள் போனால் செல்லவே செல்லாது. இறங்க வேண்டுமானால் ஜன்னலோரம் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் “ஹோல்டான்” என்று இரண்டு முறை கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது, ஓட்டுநரைத் தவிர. அடுத்த நிறுத்தத்திலிருந்து எதிர்க்காற்றில் நடந்து போனால் கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது. அன்று விடுமுறை. எப்போதோ செத்துப்போன ஒரு ராணியின் பிறந்தநாளாம்.

விடுமுறை நாளில் பேருந்துகளும் பாதிதான் ஓடும். வீடு வந்து சேரும்போது எனக்கு இருந்த கோபத்தில் யோகனை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கதவைத் திறந்தேன். வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. போர் முடிந்துவிட்டது என்று அதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வதனி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார வந்து பாதியில் மறந்துவிட்டவள்போல இருந்தது. யோகன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “ஐயோ மச்சான், இண்டைக்கு லோங் வீக்கெண்ட் எல்லோ, சொல்ல மறந்துபோனன்” என்றான். நான் கொண்டுவந்த நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டு கீழே போனேன்.

அன்று மாலை துஷா நகர மையத்திலிருந்து வந்தாள். குளிர்காலம் தொடங்கி அவளும் அவள் தோழிகளும் போரை நிறுத்தச் சொல்லி அங்கே ரோட்டில் பதாகை பிடித்து நிற்பது வழக்கமாகிவிட்டிருந்தது. குரல் சுத்தமாகக் கட்டியிருந்தது. பையைப் போட்டாள். “அப்பா, எனி நியூஸ்?” என்றாள். “ஒண்டும் இல்லை” என்றான் யோகன். “ஓகே” என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிடத்தில் வீடு முழுக்க மேளம் அதிர்ந்தது. மேளம், கிதார், மூக்கடைத்துக்கொண்டு அழுகிற ஒருவனின் குரல். நான் பேஸ்மென்ட்டில் தலையணையைக் காதில் வைத்து அமுக்கினேன். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தால், லீவுக்கு வீட்டுக்கு வரும் கயலின் அறைக் கதவுக்குப் பின்னால்.

செவ்வாய்க்கிழமை காலையில் இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு துஷாவிடம் விசாரித்தேன். ‘ராங் பேஸ்மென்ட்’ என்ற பெயரை என் வாயில் கேட்டதும் அவள் சிரித்தது, நான் வந்து மூன்றாம் நாள் பார்த்த முதல் சிரிப்பு. திருச்சி ஹாஸ்டலில் பென் டிரைவில் கைமாறிக்கொண்டிருக்கிறது என்றதும், நான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதுபோல இன்னொரு இடியப்பத்தை என் தட்டில் வைத்தாள். குழு கலைந்து நாலைந்து வருஷம் ஆகிறது, அதில் ஒருவர் இப்போது பல் வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு கச்சேரிக்காக மறுபடி சேர்கிறார்கள், டி-ஷர்ட் அங்கே மட்டும்தான் கிடைக்கும். திங்கட்கிழமை எனக்கு விமானம். ஒரு சட்டைக்காக நான் கச்சேரிக்குப் போக வேண்டும் என்று இப்படித்தான் முடிவானது.

வதனிக்கு அது பிடிக்கவில்லை. ஊர் இருக்கிற நிலைக்கு உனக்குப் பாட்டோ என்று மகளைக் கேட்டாள். துஷா ஒன்றும் சொல்லவில்லை. யோகன்தான் குறுக்கே வந்து பிள்ளை போகட்டும் என்றான்.

புதன்கிழமை கிட்டங்கியில் பிரஷர் கேஜ் ஒன்று பழுதாகிவிட, மத்தியானமே திரும்பிவிட்டேன். வழியில் அஜின்கோர்ட்டில் இறங்கி ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கினேன். எதைக் கேட்டாலும் கடைக்காரர் “ஓம் அண்ணை, ஓம் ஓம்” என்றார். நான்கு நாட்களாக இதே ஓம். போனில் ஓம், வாசலில் ஓம், உப்புப் போதுமா என்றால் ஓம். திருவானைக்காவலில்கூட ஒரு நாளைக்கு இத்தனை ஓம் கேட்காது. ‘ஆமாம்’ என்ற ஒரு நல்ல சொல் இருக்க, மந்திரத்தை எடுத்து மட்டன் ரோல்ஸுக்குச் செலவழிக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது.

வீட்டில் யோகன் மட்டும். தூங்க வேண்டிய நேரத்தில் விழித்திருந்தான். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனான். ரொம்ப நேரம் கழித்து வந்து, தேநீர் போட்டான். எனக்கும் ஒரு கோப்பை தந்தான். வாயில் வைத்தால் உப்பு. சீனி என்று நினைத்து உப்பைப் போட்டிருந்தான். அவன் தன்னுடையதைக் குடித்துக்கொண்டே இருந்தான்.

“என்னடா?” என்றேன்.

“குகன் போட்டான் மச்சான்.”

எங்கே போனான் என்று கேட்கப் போய், அவன் உயிரோடு இல்லை என்று சட்டென்று புரிந்துகொண்டேன். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் செய்திருந்தார். மனைவி, பிள்ளைகள்? என்று கேட்டேன். கையை ஒரு முறை விரித்து, “ஒண்டும் இல்லை” என்றான். அவர்களைப் பற்றிச் செய்தி இல்லை, அந்த மட்டில் நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நான்தான் ஞாயிற்றுக்கிழமையே பாடம் படித்தவன் ஆயிற்றே.

பிறகு அவன் என்னிடம் சத்தியம் வாங்கினான். வதனிக்கு பிரஷர் இருக்கிறது, துஷாவுக்கு ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது, சனிக்கிழமை தானே சொல்லுவான், அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது. சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? உப்புத் தேநீரை முழுக்கக் குடித்தேன்.

மாலையில் துஷா வந்தாள். “அப்பா, எனி நியூஸ்?” “ஒண்டும் இல்லை.” “ஓகே.” கதவு. மேளம்.

வியாழக்கிழமையும் இதுதான். வெள்ளிக்கிழமையும் இதுதான். கேள்வி வரும் நேரத்தில் நான் குளியலறைக்குள் புகுந்துகொள்ளப் பழகினேன். என் தொழிலில் ஒரு சோதனை உண்டு. வால்வை மூடி, காற்றை உள்ளே ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பிடிக்க வேண்டும். எத்தனை நல்ல சீல் ஒட்டியிருந்தாலும், கசிந்தால் குமிழி வந்துவிடும். பிறம்ரனில் பகலெல்லாம் குமிழியைப் பார்த்துக் குறித்துவிட்டு, ஸ்காபரோவில் இரவு உணவுக்கு உட்கார்ந்து யோகனின் முகத்தைப் பார்ப்பேன். ஒரு குமிழி கிடையாது. எனக்கு அவன்மேல் இரக்கம் இருந்த அளவுக்கு ஆத்திரமும் இருந்தது. ஒரு வார விருந்தாளியைப் பொய்க்குக் காவல் வைத்துவிட்டானே.

சனிக்கிழமை வந்தது. யோகன் காலையிலேயே புல் வெட்டப் போனான். தன் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுப் புல்லையும் வெட்டினான். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். சொல்லவில்லை. நான் சமையலறையில் மறித்து, இன்றைக்கு சனிக்கிழமைடா என்றேன். நாளைக்கு அவள் பாட்டுக்குப் போய் வரட்டும், ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றான். சந்தோஷமாம். அந்தப் பெண் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் துஷாவும் ரயிலில் போனோம். நடுவே தண்டவாள வேலை என்று இறக்கிவிட்டு ஒரு பேருந்தில் அடைத்தார்கள், பிறகு ஏறிய டிராம் வண்டி ஐந்தாவது நிமிடம் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கார் பழுதாம். தண்டவாளத்தில் ஓடுகிற வண்டியால் ஒரு காரைச் சுற்றிப் போக முடியாது என்று யாரும் யோசிக்கவில்லை போலும். மீதித் தூரம் நடந்தோம். நடக்கும்போது கேட்டேன், இந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது, ஸ்வரமும் சேரவில்லை, மூன்று இடத்துக்கு மேல் கிதாரில் கையும் நகரவில்லை என்று.

“மற்ற பாண்ட் எல்லாம் கோவம் எண்டு அக்ட் பண்ணுவினம் அங்கிள்” என்றாள். “இவை மட்டும், எனக்கு அழுகை வருது, அதுவும் ஒரு சின்ன விசயத்துக்கு, எண்டு சொல்லுவினம். யூ நோ, எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அப்பிடிச் சொல்ல மாட்டினம்.”

அம்மா சொன்னதற்கு ஏன் பதில் பேசவில்லை என்றேன். “நான் மாசக் கணக்கிலை ரோட்டிலை நிண்டு கத்தினனான். ஒருத்தரும் கேக்கேல்லை. இண்டைக்கு எனக்காக ஒருக்கா கத்தப் போறன்.”

கூடம் பழைய சினிமா கொட்டகை மாதிரி இருந்தது. நாற்காலி கிடையாது. இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தால் மூட்டுக்குத் தைலமாவது தடவிக்கொண்டு வந்திருப்பேன். காபி என்று ஒரு வாளியைக் கொடுத்தார்கள். சுற்றிலும் பதினாறு வயதுப் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர்கள், தோளில் குழந்தையோடு, குழந்தையின் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு நின்றார்கள். முன்னால் பாடிய சின்னக் குழுக்கள் இரண்டும் ராங் பேஸ்மென்ட்காரர்களைப் போலவே மூக்கால் பாடின. இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களாம். இந்த ஊரின் ஒவ்வொரு பேஸ்மென்ட்டிலும் அப்படி ஒரு குழு இருக்கிறது என்றாள் துஷா. மூக்கடைப்பையே ஒரு பரம்பரையாக்கிவிட்டார்கள்.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். பாடகருக்கு முன்தலை வழுக்கை, கண்ணாடி. பல் வைத்தியர் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டுக்கு முன்னால் கூட்டம் தானாகவே அடங்கியது. பாட்டில் ஒரு பையன் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். படிக்கட்டின் மேலிருந்து அம்மா கேட்கிறாள், என்ன ஆச்சு என்று. அவன் சொல்கிறான், ஒன்றுமில்லை என்று. அந்த இடத்தில் வாத்தியமெல்லாம் நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், பொய் என்று. ஆங்கிலத்தில்தான். அம்மா மறுபடி கேட்கிறாள். ஒன்றுமில்லை. பொய். எனக்கு முன்னால் நின்ற ஒரு தடித்த ஆள், கையெல்லாம் பச்சை குத்தியவர், தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கத்தினார். பக்கத்தில் துஷா கட்டிப்போன தொண்டையில் கத்தினாள். குரல் வரவே இல்லை, வாய் மட்டும் திறந்தது.

அவர்களுக்குப் பாடத் தெரியாது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. ஆனால் கயல் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு இதைக் கேட்கிறாள் என்று அங்கே நின்று யோசித்தேன். நானும் மாடிப்படியின் மேலே நின்று கேட்கிற ஆள்தான். ஒன்றுமில்லை என்றால் சரி என்று போய்விடுகிற ஆள். வெட்கமாக இருந்தது.

வெளியே சட்டை விற்கிற மேஜைக்கு ஒரு வரிசை, பணத்துக்கு இன்னொரு வரிசை. துஷா இரண்டு சட்டை எடுத்தாள். மீடியம் கயலுக்கு. இன்னொன்று ஸ்மால். அது யாருக்கு என்றேன். குகனின் மகள் சிந்துவுக்கு. சமாதானக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, இரண்டு பேரும் ஒரு மாதம் முழுக்க ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு திரிந்தார்களாம். இந்தக் குழுவின் பாட்டெல்லாம் சிந்துவுக்கு மனப்பாடம். “அவள் என்னை விட மெல்லிசு. ஸ்மோல் சரியா வரும்” என்றாள். நான் டிராம் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு யோகன் காரோடு வந்தான். நான் முன்னால், துஷா பின்னால். நெடுஞ்சாலை முழுக்க நெரிசல். அஜின்கோர்ட் வரை ஊர்ந்தோம். துஷா பையிலிருந்து ஸ்மால் சட்டையை எடுத்து மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்த யோகன், அது ஆருக்கு என்று கேட்டான். சிந்துவுக்கு என்றாள். கார் லேசாக ஒரு பக்கம் இழுத்தது.

“அப்பா, எனி நியூஸ்?”

“ஒண்டும் இல்லை.”

“பொய்” என்றாள் துஷா.

கத்தவில்லை. அந்தத் தொண்டையில் கத்தவும் முடியாது. தமிழில், சாதாரணமாகச் சொன்னாள். யோகன் என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அவன் அடுத்த வளைவில் ஒரு பிளாஸாவுக்குள் திருப்பி, முதலில் கண்ணில் பட்ட இடத்தில் காரை நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“ஒண்டும் இல்லையம்மா” என்றான் மறுபடியும். பிறகு, “ஒருத்தரும் இல்லை.”

புதன்கிழமை அவன் கையை விரித்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. செய்தி இல்லை என்று அவன் சொல்லவே இல்லை. நான்தான் ஒரே சொல்லை இரண்டு முறை தப்பாகக் கேட்டிருக்கிறேன். நாலு நாளாக அவன் ஒரு தம்பியை மட்டும் மறைத்துக்கொண்டிருக்கவில்லை.

“சிந்து?” என்றாள் துஷா.

அவன் தலையை ஆட்டினான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்டிராத சத்தம். துஷா சட்டையை மடித்தாள், இன்னும் சின்னதாக மடித்தாள், அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பின் இருக்கையிலிருந்து எட்டி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கையில் ரோல்ஸ் பையோடு ஒருவர். அது மாற்றுத்திறனாளிகள் நிறுத்தும் இடம், காரை எடுக்க வேண்டும் என்று சைகை காட்டினார். எட்டு நாட்களாக இந்த ஊரில் யாரையாவது ஒரு பாட்டம் திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். அந்த வேகத்தில்தான் கதவைத் திறந்து இறங்கினேன். அதற்குள் அவர் உள்ளே பார்த்துவிட்டார். கையைக் கீழே இறக்கினார்.

“என்ன அண்ணை, ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று வாய் வரை வந்துவிட்டது. 

“ஓம்” என்றேன்.